ஷெட் சாவி யாரிடம்?

"அண்ணாச்சி ஷெட்டு சாவி இப்போ யார்ட்ட இருக்கு? ஸ்பேர் இன்ஜின் எனக்குன்னு சொல்லியிருந்தாவ. வேற யாரும் முந்திரக் கூடாது. நாளைக்கே பேசிருவோம்."

வியாழக்கிழமை, காலை 10.12. அனுப்பியவன் நான். அந்தச் செய்தி இப்போது யாருடைய போனிலும் இல்லை; அன்று மதியமே அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் எழுத்து மாறாமல் நாட்குறிப்பில் எடுத்துக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் நீதிமன்றத்தின் ஆவண அறையில் இருந்தவன் நான். எந்தத் தாளையும் நகல் எடுக்காமல் கை விடாது. தேதி, மாதம், வருஷம் எல்லாம் என்னிடம் உண்டு. இங்கே கொடுத்தால் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அண்ணாச்சியின் வீட்டை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். டிசம்பர் வெள்ளம் வந்து ஸ்ரீவைகுண்டம் மூழ்கியதற்கு அடுத்த வருஷம் என்பது மட்டும் போதும்.

நாங்கள் பழைய ஜெர்மன் கார்களைத் தேடுகிறவர்கள். போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாலும் பேசுகிறவர்கள் நான்கு பேர்தான். அண்ணாச்சி கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். மேலப்பாளையத்து பாய் ஷார்ஜாவில் அடிபட்ட ஜெர்மன் கார்களைப் பிரித்துப் பிரித்தே இளமையைக் கழித்தவர். எந்தப் பாகம் எந்த மாடலுக்குச் சேரும் என்பதை மனசிலேயே வைத்திருப்பார். மூன்றாமவன் ஜங்ஷன் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிறவன். நான்காவது நான்.

இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள வேகக் கார்களைத்தான் நாங்கள் தேடுகிறோம். எங்கள் மாவட்டத்தில் அவை டாக்டர்கள் வீட்டிலும், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டிலும், மலைமேல் எஸ்டேட் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் நிற்கின்றன. ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது, பாகம் கிடையாது. உடையவர் ஓட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார். உறை போட்டு மூடி, வாரம் ஒருமுறை தூசி தட்டிக்கொண்டிருப்பார். அவர் காலம் முடிந்தால்தான் அந்த ஷெட் திறக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அவர்களுக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரும்பு.

ஆகவே எங்களுக்கு முதல் தகவல் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்துதான் வரும். கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு யாராவது போட்டோ கொண்டுவந்தால், ஆள் இன்னாரென்று பார்த்து, வாய்ப்புள்ள வீடாக இருந்தால் அவன் குழுவில் "போர்டு வந்திருக்கு" என்று போடுவான். நாங்கள் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, கிளம்பிவிடுவோம்.

எழுதும்போதே கூசுகிறது. ஆனால் அப்போது கூசவில்லை. காரணம், அண்ணாச்சி அதற்கும் ஒரு மரியாதை வைத்திருந்தார். இறந்தவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துப் பேசியிருந்தால்தான் அந்த வீட்டுக்குப் போவார். ஷெட் இருக்கும் பக்கம் திரும்பி உட்காரக் கூடாது. இந்து வீடானால் பதினாறு கழிய வேண்டும், கிறிஸ்தவ வீடானால் ஸ்தோத்திர ஜெபம் முடிய வேண்டும், முஸ்லிம் வீடானால் நாற்பது. "காருங்கிற வார்த்தை அந்த வீட்டு அம்மா வாயில இருந்து முதல்ல வரணும் வே. நாம எடுக்கப்படாது" என்பார். பல வீடுகளில் அந்த வார்த்தை வரவே இல்லை. இறந்தவருடைய சர்க்கரை வியாதியையும் கடைசி நாட்களையும் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனபோது ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குப் பொறுமை இல்லை. "பாத்ரூம் எங்கன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போனான். திரும்பி வந்து, டாக்டர் மனைவிக்கு எதிரே கைகட்டி நின்றான். தலையில் ஒரு முழம் ஒட்டடை. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பாயுடைய வண்டியில் ஏறியதும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"ஏலே, துட்டி கேக்க வந்தியா, களவாங்க வந்தியா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா எட்டித்தான் பாத்தேன். நாலு டயரும் போயிட்டு."

"அந்தம்மாவுக்குப் புருசன் போயிட்டாருலே. ஒனக்கு டயரு!"

பாய் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரங்கட்டினார். சேரன்மகாதேவி பாலம் வரும்வரை சிரித்தோம். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது என்று நாட்குறிப்பில் இருக்கிறது. நானும்தான் சிரித்தேன்.

அண்ணாச்சியின் ஷெட்டில் ஒரு கார் இருந்தது. அதற்குப் பின்னால், இரும்பு ஸ்டாண்டில், பழைய பூப்போட்ட போர்வை போர்த்தி ஒரு இன்ஜின். அவர் காருக்கும் என் காருக்கும் ஒரே இன்ஜின்தான் பொருந்தும். போர்வைக்குள் இருந்தது ரேஸுக்கென்று திருத்திய இன்ஜின். சென்னைப் பக்கம் முன்பு கார் ரேஸ் நடந்த சோழவரத்துப் பழைய ஓடுதளத்தில் ஓடியது என்பார். கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கியதாம். "எந்த வருஷம், எந்த ஓட்டம்?" என்று கேட்டு நான் அவரை நச்சரித்திருக்கிறேன். அந்த இன்ஜினின் வயதும் ஓடுதளத்தின் காலமும் எனக்கு ஒத்துவரவில்லை. "ஓய், நீரு இன்ஜினுக்கும் பொறப்புச் சர்டிபிகேட் கேக்க ஆளுவே" என்று சிரிப்பார்.

வெள்ளத்தில் என் காருக்குள் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவில் ஆள் உயரத்துக்கு நின்றது. வடிந்த பிறகு, சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும் என்று தெரிந்தும், சாவியைத் திருகினேன். தண்ணீர் நசுங்காது. உள்ளே ராடுகள் வளைந்து, பிளாக் உடைந்தது. போன் வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு அழாக்குறையாகச் சொன்னேன்.

"வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா?" என்றார்.

"இருக்காவ அண்ணாச்சி. இன்ஜின்தான்…"

"ஊரே சோத்துக்கு நிக்கி. நீரு இன்ஜினுக்கு அழுதீரு. வையும் போனை. பாயோட அரிசி கொண்டு வாரோம்."

கொண்டும் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் போர்வைக்குள் இருந்த இன்ஜினை நான் கேட்க ஆரம்பித்தேன். ஒரு தடவை அல்ல. போகும்போதெல்லாம். ஒருநாள் அவர் என் தோளில் கைவைத்து, "நான் இருக்க வரைக்கும் கெடையாது வே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் அவர் படுத்துவிட்டார். நுரையீரல். மூன்று வாரமாகக் குழுவில் அவர் எழுத்து இல்லை. பாளையங்கோட்டை மருத்துவமனையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேச்சு கிடையாது; கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை காலையில் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் குழுவில் படமே போட்டுவிட்டான். அண்ணாச்சியின் முகம், சுற்றிலும் மல்லிகைப்பூ, கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. பாய் உடனே தங்கள் முறைப்படி இறந்தவருக்குச் சொல்லும் வார்த்தையைப் போட்டார். வேறு சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். யாரோ ஒருவர், "காரை யாரு பாக்கப் போறா?" என்று கேட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது துக்கம் என்று சொல்ல ஆசைதான். துக்கம் இல்லை, பிந்திவிடுவோமோ என்ற பயம். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே அந்தச் செய்தியைத் தட்டினேன்.

மதியம் ஃப்ளெக்ஸ் கடைக்காரனே மறுபடி எழுதினான்: "அண்ணாச்சி உசுரோடதான் இருக்காவளாம். டாக்டர் இன்னைக்குத் தாங்காதுன்னுட்டாராம். பிந்தி அலையக் கூடாதுன்னு மச்சினன்காரரு முந்தியே போர்டு சொல்லிட்டாரு. என்ட்ட அதைச் சொல்லல."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழுவில் அண்ணாச்சியும் இருக்கிறார். ஆள் போய்விட்டார் என்று நாங்கள் முடிவு செய்த கணத்தில் பட்டியலில் அவர் பெயர் இருப்பதும் எங்களுக்கு மறந்துபோனது. எத்தனையோ வீட்டில் ஷெட்டைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அந்த வீட்டுக்காரர் யாரும் எங்கள் குழுவில் இருந்ததில்லை. பழக்கம் எங்களை அப்படிக் கொண்டுபோய் நிறுத்தியது.

அழிப்பதற்கு முன்னால் என் செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். அண்ணாச்சியின் போன்: 10.31.

அவர் இறந்தது அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் பின்வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்கும் போனேன். போகாமல் இருந்தால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும் என்று தோன்றியது. என் யோசனை அந்த லட்சணத்தில் இருந்தது. பாயும் கூட வந்தார். அண்ணாச்சியின் மனைவி, ஓய்வுபெற்ற டீச்சர், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க ஸார். அவங்க ஃப்ரெண்ட்ஸ்னு சொன்னா நீங்கதான. கப்பல்காரங்க எல்லாம் எங்கெங்கயோ போயிட்டாங்க. நீங்கதான் கடைசிவரைக்கும்."

பாய் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஸ்தோத்திர ஜெபத்தில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு ஒன்று எழுதித் தர முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். "தேதியெல்லாம் நீங்க சரியா எழுதுவீங்கன்னு அவங்க அடிக்கடி சொல்லுவாங்க." கடைசியில் ஒன்று கட்டாயம் வர வேண்டும் என்றார். "அன்னைக்குக் காலையில நர்ஸ் பாட்டிலை மாத்திட்டுப் போனாங்க. பத்தரை இருக்கும். நான் பக்கத்துல இருந்து அவங்களுக்குப் பிடிச்ச கீர்த்தனையைப் பைய பாடிட்டிருந்தேன். கண்ணைத் திறந்து சிரிச்சாங்க ஸார். மூணு வாரமா சிரிக்காத மனுசன், நல்லாவே சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கண்ணைத் திறக்கல. பாட்டைக் கேட்டுச் சிரிச்சாங்கன்னு எழுதுங்க."

பத்தரை என்பதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய பிறகுதான் 10.31 ஞாபகம் வந்தது.

அவர் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறவள். அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்கிள், கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். பின்பக்கம் போனோம். ஷெட் வாசலில் நின்று, சுடிதார்ப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள்.

"என்கிட்டதான் இருக்கு."

அவளே திறந்தாள். போர்வையை இழுத்தாள். எண்ணெய் மின்ன இன்ஜின் நின்றது. படுக்கும்வரை அவர் துடைத்துவைத்திருக்கிறார்.

"எடுத்துட்டுப் போங்க அங்கிள். அப்பா உங்களுக்குன்னு சொல்லியிருந்தாங்கல்ல."

"இல்லம்மா…"

"நீங்கதான எழுதியிருந்தீங்க. நீங்க அழிச்சிட்டீங்க. ஆனா அன்னைக்கு மத்தியானம் நான் பெங்களூர்ல இருந்து வந்து எறங்கினதும் அப்பா போனைத்தான் கையில எடுத்தேன். அப்ப இருந்துச்சு. சொல்லுங்க, அப்பா அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல. 'நான் இருக்க வரைக்கும் கெடையாது'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணா அங்கிள்?"

"இல்ல."

கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் கத்தவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. அந்த வியாழக்கிழமை காலையில் அப்பாவின் போன் எப்படித் திறந்தது என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறாள். தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா நம்பரைத் தேடுவதற்காக, அப்பாவின் கட்டைவிரலை எடுத்துப் போனில் வைத்துத் திறந்ததாக அம்மா சொன்னாராம். திறந்த பிறகு அதைக் கட்டிலில் அவர் நெஞ்சுப்பக்கம் வைத்துவிட்டு, நம்பரை எடுத்துத் தரச் சொல்லி நர்ஸைக் கூப்பிடப் போனாரா, கையிலேயே வைத்திருந்தாரா, எதுவும் அம்மாவுக்குத் தெளிவில்லை. தேடும்போது அம்மாவின் விரல் எங்கள் குழுவில் பட்டிருக்கலாம். படம் வந்து விழுந்த குழு. அதுதான் மேலே நின்றிருக்கும். அல்லது அவரே பார்த்திருக்கலாம். தன் முகத்தைச் சுற்றி மல்லிகைப்பூவை. அதற்குக் கீழே என்னை.

"அந்த மெசேஜை எங்க போன்ல எப்பப் படிச்சதுன்னு உங்க போன்ல காட்டியிருக்கும். நீங்க பாக்காம அழிச்சிருக்க மாட்டீங்க. எத்தனை மணி?"

சொன்னேன்.

"அம்மாகிட்ட அந்த நேரத்தைச் சொல்லிராதீங்க" என்றாள். போர்வையை மறுபடி போர்த்தினாள். "அம்மாவுக்கு இப்ப இருக்கிறது அந்தச் சிரிப்பு மட்டும்தான்."

திரும்பும் வழியில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்ணாரப்பேட்டை தாண்டும்போது அவர், "ஒருவேளை நம்ம கூத்தைப் பாத்துத்தான் சிரிச்சாரோ என்னமோ" என்றார். "அவரு சிரிக்கக்கூடிய ஆளுதானே? ஒட்டடைக்கு அன்னைக்கு நாம சிரிச்ச மாதிரி. 'ஏலே, எனக்கே துட்டி கேக்க வந்துட்டியளா'ன்னு."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அந்த இரவும் அடுத்த பல நாட்களும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆமாம், அப்படித்தான் இருக்கும். போர்டைப் பார்த்திருப்பார், என் அவசரத்தைப் பார்த்திருப்பார், இத்தனை வருஷம் அவரே சொல்லிக்கொடுத்த முறையை அவர் வீட்டிலேயே மீறுகிறார்களே என்று சிரித்திருப்பார். சிரித்தார் என்றால் மன்னித்தார் என்று பொருள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி முடித்த பிறகுதான் நான் செய்வது என்னவென்று எனக்கே புரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வந்தால் அந்த அம்மாவிடமிருந்து போகும். இன்ஜினுக்கு ஆசைப்பட்டபோதாவது ஆள் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். இதற்கு ஆசைப்பட்டபோது, அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிய செய்திக்கு வெட்கப்பட்டதைவிட இதற்கு அதிகமாக வெட்கப்படுகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுத்தேன். சோழவரத்தைப் பற்றி, 'அங்கே ஓடிய இன்ஜின் என்று அவர் சொல்வதுண்டு' என்று மட்டும் போட்டேன். கடைசி வரியில், அன்று காலை பத்தரை மணியளவில் மனைவி பாடிய கீர்த்தனையைக் கேட்டுப் புன்னகைத்தார் என்று எழுதினேன். ஆவண அறையில் இருந்த காலத்தில், கண்ணால் காணாத ஒன்றை 'கேட்டு' என்று காரணம் சேர்த்து எழுதியிருந்தால் என் பெயர் கெட்டிருக்கும். ஸ்தோத்திர ஜெபத்தில் ஆயர் அதை வாசித்தபோது அந்த அம்மா என்னைத் தேடித் திரும்பி, தலையசைத்தார். மகள் திரும்பவில்லை.

இன்ஜின் அந்த ஷெட்டிலேயேதான் இருக்கிறது. உள்ளே துருப்பிடித்து இறுகிவிடக் கூடாது என்று மாதம் ஒருமுறை பாய் போய் எண்ணெய் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றிவிட்டு வருகிறார். என்னைக் கூப்பிட்டார், போகவில்லை. என் கார் ஸ்ரீவைகுண்டத்தில் இன்ஜின் இல்லாமல் நிற்கிறது. 'போர்டு வந்திருக்கு' என்று இப்போது யாரும் எழுதுவதில்லை. குழுவிலிருந்து அண்ணாச்சியின் பெயரை நீக்கவும் யாருக்கும் கை வரவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் அண்ணாச்சிக்குப் போனில் ஓர் எழுத்தும் தெரியாது. அன்று காலை கண்ணாடி பைக்குள் இருந்தது என்று அந்த அம்மா மகளிடம் சொல்லியிருக்கிறார். ஸ்தோத்திர ஜெபம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே, "பாடும்போது என் முகம் தெரியட்டும்னு கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன் ஸார்" என்றும் சொன்னார். இரண்டில் எது சரி என்று திரும்பப் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. 10.31-க்கு அண்ணாச்சி கண்ணாடி போட்டிருந்தாரா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.